முடிகொண்டான் ஆற்றில் ஒரு விரால்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மூர்த்தி சாரின் மகன். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படத்திறப்பன்று கொடுக்கும் மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறான். எழுதுகிறேன். நல்ல வார்த்தைக்கு முழுத் தகுதியுள்ள மனிதர் அவர். ஆனால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பிடித்தால் போடட்டும், இல்லையென்றால் கிழித்துப் போடட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நன்னிலத்துப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நாங்கள் இருவரும் சூப்பர்வைசர்கள். நெல் அவிக்கிற கொட்டகை என் பொறுப்பு, களமும் குடோனும் அவர் பொறுப்பு. காய்கிற நெல்லின் மேல் மழை இறங்கினால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, களத்துப் பெண்களோடு தானும் ஒரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து இழுப்பார். "மேகத்துக்குத் தெரியுமா, நான் சூப்பர்வைசர்னு?" என்பார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. அதட்டுகிற வேலையெல்லாம் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முடிகொண்டான் ஆற்று மதகுக்குப் போய்விடுவோம். ஆளுக்கு ஒரு மூங்கில் கழி, கொட்டாங்கச்சியில் மண்புழு. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் தூண்டிலைத் தொடக் கூடாது. சாயங்கால அஸர் தொழுகைக்கு நான் கரைமேல் துண்டு விரித்தால் என் தக்கையை அவர் பார்த்துக்கொள்வார், பார்ப்பதோடு சரி. அவர் டீ குடிக்கப் போனால் அவருடையதை நான் பார்ப்பேன். மீன் கடித்தால் கத்தலாமே தவிர, கை வைக்கக் கூடாது.

ஏன் இப்படி ஒரு சட்டம் என்று தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும். குழம்பில் கிடக்கிற மீனில் என்ன இருக்கிறது? சும்மா மிதந்துகொண்டிருந்த தக்கை ஒரு துடிப்புத் துடிக்கும். நமக்கு மூச்சு நின்றுவிடும். அப்புறம் சடக்கென்று உள்ளே போகும். கழியைத் தூக்கினால் தண்ணீருக்கடியில் ஓர் உயிர் முரண்டு பிடிக்கும். மீன் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதாவது!

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் சவுதி, துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தம்மாமிலிருந்து என் மச்சான் எனக்கும் விசா அனுப்பிவிட்டார். எனக்குப் போக இஷ்டமில்லை. மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி சார், "என்ன பாய், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். எரிச்சலில், "அடுத்த வாரம் இந்தத் தூண்டில்ல ஒரு விரால் மாட்டினா போறேன், போதுமா?" என்றேன். மாட்டாது என்ற தைரியம். அந்த மதகில் கெண்டையும் கெளுத்தியும்தான் எங்களுக்கு வரும். விரால் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு தொழுதுவிட்டு வந்து கழியைக் கையில் எடுத்தேன். தக்கை துடிக்கவில்லை, ஒரேயடியாக மறைந்தது. கழி வளைந்தது. யா அல்லாஹ், அந்தக் கனம்! வலப்பக்கம் ஓடியது, செடிக்குள் புகப் பார்த்தது. "விட்டுடாதீங்க பாய், மெல்ல, மெல்ல! இழுங்க, இப்ப இழுங்க!" என்று மூர்த்தி சார் இடுப்பளவு தண்ணீரில் குதித்துக் கூத்தாடினார். கரையில் வந்து விழுந்தது முழங்கை நீள விரால். இருவரும் சேறும் சகதியுமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். என் நிக்காஹ் நாளில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

பாதி மீனைக் கொடுத்தேன். "வயிறு சரியில்லை பாய்" என்று வாங்க மறுத்துவிட்டார். ஆண்டவன் நாட்டம் இதுதான் போலிருக்கிறது என்று நான் தம்மாமுக்கு விமானம் ஏறினேன்.

பதினெட்டு வருஷம். என் மகளுக்கு நான் போனில் மட்டும் பேசுகிற அப்பா, 'போன் அத்தா'. லீவில் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். பழகுவதற்குள் நான் திரும்ப வேண்டியிருக்கும். தம்மாமில் பலரோடு தங்கியிருந்த அறையில், மனசு விட்டுப்போன நாட்களில், அடுத்த கட்டில்காரர்களுக்கு விரால் கதையைத்தான் சொல்வேன். "இன்னொரு தடவை சொல்லுங்க பாய்" என்பார்கள். சொல்லும்போதெல்லாம் அந்தக் கனம் கையில் வந்து உட்காரும். அதை வைத்துத்தான் காலம் தள்ளினேன்.

ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மதகுக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த விராலைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை.

வாய் திறந்தது அவர் மனைவி தையல்நாயகி. தகனத்துக்கு மறுநாள், சுடுகாட்டில் காடாற்றுச் சடங்கு முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, உங்ககிட்ட சொல்லிடச் சொல்லிட்டுப் போனாரு. அந்த விரால் ஆத்து மீன் இல்லண்ணே. முதநாள் சந்தையில உசுரோட வாங்கியாந்தாரு. குடத்துல தண்ணி ஊத்தி, தட்டு வச்சு மூடி வச்சிருந்தது நான்தான். காலையிலயே கொண்டுபோய் மதகுப் பக்கம் செடிக்குள்ள ஒளிச்சு வச்சாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "மில்லுல புது மெசின் இறக்கப் போறாங்க, இனிமே ஒரு சூப்பர்வைசர் போதும்னு மொதலாளி இவர்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு. உங்களுக்கு விசா இருந்துச்சு. இவருக்கு என்னண்ணே இருந்துச்சு?"

அன்று ஆற்றங்கரையில் நான் மேற்கே பார்த்துக் கைகட்டி நின்றிருக்கிறேன். தொழுகையில் நிற்பவன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால், என் தூண்டிலைத் தொட்டிருக்கிறார். அடப்பாவி மனுஷா! எங்கள் ஒரே சட்டத்தை உடைக்க உங்களுக்குக் கிடைத்த நேரம் அதுதானா?

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேலையை விட்டுக் கொடுத்திருப்பேனே தங்கச்சி" என்றேன்.

"அதுவும் அவருக்குத் தெரியும்ணே. 'கேட்டா பாய் குடுத்துடுவாரு. அப்புறம் ஆயுசுக்கும் அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது'ன்னாரு. ஆனா அன்னிக்குத் தண்ணியில ஆடுனது நடிப்பு இல்லண்ணே. நீங்க இழுத்ததைப் பார்த்ததும் அது தன் கையால மாட்டுன மீனுங்கறதே மறந்துபோச்சாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதாரு." பிறகு, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மூர்த்தி சார், வேலை போகட்டும். பதினெட்டு வருஷமும் போகட்டும், ஊரில் யார்தான் போகவில்லை? என் ஆயுளில் எனக்கே எனக்கென்று ஒரு நிமிஷம் இருந்தது. அதிலும் உங்கள் கையா?

நாளை மறுநாள் படத்திறப்பு. திரையை மில் முதலாளியின் மகனை வைத்து விலக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். கூடாது, நான்தான் விலக்குவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போய் வாருங்கள். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் முகத்தில் முழிக்கத்தானே பயந்தீர்கள்? திரை விலகியதும் நீங்கள் முதலில் பார்க்கிற முகம் என்னுடையதாகத்தான் இருக்கும்.