சூடம் சுற்றாத சாவு

மத்தியானம் டிவியில் ஒரு பழைய படம். செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டில் அம்பு பட்டு ஒரு சிப்பாய் சரிந்தான். என் நைனா. பின்னாலிருந்து சூடம் வாசனை வந்தது.

நைனா கூத்துக்காரர். கூத்தில் அவர் செத்து விழும்போதெல்லாம் அம்மா போய், அரிதாரம் கலையாத அந்த முகத்துக்குச் சூடம் சுற்றி, "எழுந்து வாய்யா, வூட்டுக்குப் போலாம்" என்பாள். பிறகுதான் கண் திறப்பார். அதுவரை எனக்கு மூச்சே வராது.

அவர் நடித்த ஒரே படம் இது. ஷூட்டிங் முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னாய்யா, யாராவது சூடம் சுத்துனாங்களா?"

"சினிமாவுல அதெல்லாம் ஏதுடி?" என்று சிரித்தார்.

அந்த மழைக்காலத்தை நைனா தாண்டவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா டிவிக்கு நேராகத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "எழுந்து வாய்யா."

நைனாவின் விரல் அசைந்தது போலிருந்தது. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.