மாமனாரின் திருநீற்றுப் பானையும் என் நாயும்

நாய்க்குத் திருநீறு பூசி நான் சைவத்தை இகழ்ந்தேன் என்றொரு செய்தி என் மனைவியின் சுற்றத்தாரிடையே இன்றும் உலவுகிறது. சென்ற மாதம் ஒரு மணவீட்டில் என் செவிபடவே ஒருவர் அதனை உரைக்க, இருந்தோர் நகைத்தனர். இகழும் எண்ணம் என்னிடம் இருந்ததில்லை. இருந்தது அச்சம் ஒன்றே. நடந்ததைக் கண்டோர் தொகை குறைந்து வருதலின், அதனை எழுதிவைத்தல் என் கடனாயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு மணமாயிற்று. எம் நாட்டு வழக்கப்படி, தெல்லிப்பழையிலிருந்து நல்லூரிலுள்ள மனைவியின் இல்லத்திற்குக் குடிவந்தேன். என் பெட்டியையும் நூல்களையும் ஏற்றிய மாட்டுவண்டியின் பின்னே, நான் வளர்த்த செந்நிற நாய் அத்தனை தொலைவும் ஓடிவந்தது. பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த உயிர் அது ஒன்றே. பின்புறத் தாழ்வாரத்தில் அது படுத்துக்கொள்ள மாமனார் இசைந்தார். ஆயினும் ஒருநாளும் அதனருகே சென்றாரல்லர்.

அவ்வாண்டு கோடை கொடிது. குளங்கள் வெடித்துக் கிடந்தன. எங்கள் கிணறு மூன்று வீட்டாருக்கும் உரிய பங்குக் கிணறு. மிகுதியாக அள்ளினால் உவர் ஏறிவிடும் என்று அஞ்சி, மழை வரும்வரை நாயைக் குளிப்பாட்டலாகாது எனப் பங்காளர் முடிவு செய்தனர். இரு கிழமைக்குள் அதன் உடலிலிருந்து தீநாற்றம் எழத் தொடங்கிற்று.

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்திற்கு ஒன்பது நாள் இருக்கையில் மாமனார் என்னை அழைத்தார்.

“தம்பி, உந்த நாயின்ரை நாத்தம் சாமியறை வரைக்கும் வருது. கொடியேறினால் இருபத்தைஞ்சு நாளும் விரதம். கொடியேத்தத்தண்டு காலமை நீர்வேலியிலை இருந்து பெரியவன் வாழைக்குலையோடை வருவான். அதுக்கிடையிலை நாத்தம் போகேல்லையெண்டால் நாயை அவன்ரை வண்டியிலை ஏத்திவிடும். தோட்டக் காவலுக்கு உதவும்.”

பெரியவன் என்றது அவருடைய மூத்த மகனை. நான் “ஓம் மாமா” என்று மட்டும் சொன்னேன்.

அன்றுதொட்டு எனக்கு உறக்கம் குறைந்தது. நாய் படுக்கும் சாக்கை நாள்தோறும் வெயிலில் உலர்த்தினேன். தேங்காய்த் தும்பினால் அதன் மயிரை வாரினேன். நான் முகங்கழுவிய நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அதன் கால்களையும் வயிற்றையும் துடைத்தேன். அடுப்புச் சாம்பலைத் துணியில் அரித்து, மயிருக்கு எதிர்முகமாகத் தேய்த்துச் சிறிது பொறுத்துத் தட்டிவிட்டேன். அது மயிரின் எண்ணெய்ப் பசையை வாங்கிற்று. செவிக்குள் சாம்பல் விழுமோ என்று அஞ்சித் தலையை மட்டும் தொடாது விட்டேன். காலையில் நாற்றம் தணியும், மாலையில் மீளும். என் மூக்கையும் நான் நம்பவில்லை. தெருக்கோடிவரை நடந்து திரும்பி வந்து முகர்ந்து பார்ப்பேன். வகுப்பில் மாணாக்கர் சற்றுப் பின்னே சாய்ந்தாலும் என் கைகளை முகர்வேன்.

அடுத்த வீட்டிலிருந்த மனைவியின் தமக்கையார் கிணற்றடியில் என்னைக் கண்டால் விடமாட்டார்.

“என்ன வாத்தியார், பிள்ளைக்கு இண்டைக்கும் பவுடர் போட்டாச்சோ? நாங்கள் பெத்ததுகளுக்கே உவ்வளவு சீர் இல்லை!”

கொடியேற்றத்திற்கு முதல்நாள் நண்பகலில் பள்ளியிலிருந்து விரைந்து வந்தேன். சிரட்டையில் நான் அரித்து வைத்த சாம்பலைக் காணேன். திருவிழாவுக்கென மனைவி பித்தளைக் கலங்களையெல்லாம் அதனாலேயே துலக்கியிருந்தாள். முற்றத்தில், கவிழ்த்த உரலின்மேல், வெள்ளைத்துணி மூடிய புதுப்பானை ஒன்று இருந்தது. உள்ளே பஞ்சுபோன்ற வெண்சாம்பல். தீர்ந்ததற்கு ஈடாக அவளே அரித்து வைத்தாள் என எண்ணி, இரு கை நிறைய அள்ளி நாயின் கழுத்து முதல் வால் வரை தேய்த்தேன்.

“ஐயோ, இஞ்சாருங்கோ!” என்று மனைவி ஓடிவந்தாள். “உது ஐயா சுட்டு வைச்ச திருநீறெல்லோ!”

தம் பசுவின் சாணத்தை உருட்டி உலர்த்தி, உமியிலிட்டுச் சுட்டு, விரத நாள் முழுமைக்கும் மாமனார் ஆக்கிய திருநீறு அது. நான் நாயின் முதுகிலிருந்து கைகளை எடுத்தேன். நாயோ உடலை உதறிற்று. வெண்புகை எழுந்து தாழ்வாரமெங்கும் படிந்தது. அவ்வேளையிலேயே மாமனார் ஈரவேட்டியுடன் கிணற்றடியிலிருந்து பானையை நோக்கி வந்தார்.

“ஆர் பானையைத் திறந்தது?”

“நான்தான் மாமா. அடுப்புச் சாம்பலெண்டு நினைச்சு…”

வண்டி நாளை வரும்வரைகூட நாயை விடமாட்டார் என்றே நினைத்தேன். அவரோ, பூசப்பட்டது தம் திருநீறுதானா என்று காண்பார்போல நாயருகே குனிந்தார். குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். பின் அதன் இடச்செவியை இரு விரலால் நிமிர்த்தினார்.

“உடம்பிலை ஒண்டும் இல்லை, தம்பி. காதெல்லோ அழுகிக் கிடக்கு! இவ்வளவு நாளும் எங்கை தேய்ச்சனீர்?”

மாடு வளர்த்தவராதலின் அது அவருக்குப் புலனாயிற்று. மனைவி வேப்பெண்ணெயை இளஞ்சூடாக்கித் தந்தாள். பஞ்சில் தோய்த்துச் செவியினுள்ளிருந்த கருஞ்சீழை மெல்லத் துடைத்தெடுத்தேன். மாலையில் மறுமுறையும் துடைத்தேன். நாற்றம் பாதி தணிந்தது. எஞ்சிய பாதி எனக்குப் போதுமான அச்சத்தைத் தந்தது.

மறுநாட் காலை வண்டி வந்தது. நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்தில் நின்றேன்.

“எங்கை நாய்? கட்டித் தாங்கோ, வெயில் ஏற முன்னம் திரும்பவேணும்” என்று வந்த மைத்துனர், அதனைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். “பெரிசா மணக்கேல்லையே, ஐயா!”

“காதுப்புண் மாறட்டும். தோட்டத்துக்கு நீ வேறை நாய் பார்” என்றார் மாமனார், என்னைப் பாராமலே.

பானையில் எஞ்சியதை அவர் எலுமிச்சை மரத்தடியில் கொட்டினார். விரதம் முடியும்வரை அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிய திருநீற்றையே அணிந்தார். அதுபற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாய் தாழ்வாரத்தில் கிடந்தது. நானோ ஒவ்வொரு காலையும் அவர் நெற்றியை நிமிர்ந்து நோக்க அஞ்சினேன்.

நோயுற்றது வலச்செவி என்கிறாள் என் மனைவி. பானையைக் கொட்டிய நாளும் எனக்குத் தெளிவில்லை. இவற்றிலும் பிறவற்றிலும் பிழை காண்போர் எனக்கு அறிவித்துத் திருத்துவாராக. நான் இகழ்ந்தேன் என்று கூறிவருவோர் அவ்வொன்றைத் தாமே திருத்திக்கொள்ளவும் வேண்டுகிறேன்.