லாஞ்சில் வந்த ஸ்கொட்லாந்துக் குடி

அன்று மூதூரிலிருந்து குடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகான லாஞ்சின் பின்பக்க வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நான், செல்வியக்கா, அவருடைய தமையன் தவராசா அண்ணன். டிக்கெட் கிழிக்கும் நசீர் காக்கா பக்கத்தில் நின்றார். இல்லாதவர் சந்திரன். அவர் குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலைப் பட்டினத்துத் தையல் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் நடந்த கதை முழுக்க அவரைப் பற்றியதுதான். அது எல்லோருக்கும் தெரிந்தும் நெடுநேரம் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், நான் வேலை பார்க்கும் உப்புவெளி விடுதியில் நேற்று அறையைக் காலி செய்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண் விட்டுச்சென்ற புத்தகம். அட்டையில் மேல்சட்டை இல்லாத ஒருவன், கையில் வாள், இடுப்பில் கட்டம் போட்ட துணி. எங்கள் சாரத்தை முழங்காலோடு வெட்டினால் அதுதான். எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, சிரிக்க வேண்டாம். உப்புக்காற்றில் ஊறிய தாளின் மணம். அந்த மணத்துக்குப் பின்னால் டீசல் மணம் வந்தது, டீசலோடு மூதூர் லாஞ்சும் வந்துவிட்டது.

மூதூர்ப் பக்கத்து ஈச்சிலம்பற்றிலிருந்து உயர்தரம் படிக்கப் பட்டினத்துக்குப் போனவன் நான். எங்கள் வீட்டில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள். ஆங்கில ஆசிரியர், எதையாவது வாசித்துக்கொண்டே இரு என்றார். பழைய பேப்பர் கடையில் எனக்கு அகப்பட்ட 'எதையாவது' இந்த வகைதான்: பழங்கால ஸ்கொட்லாந்துப் போர்வீரர்களும் அவர்களிடம் மனதைக் கொடுத்த பெண்களும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையைப் பத்திரிகைத் தாளால் மூடிக்கொண்டு, ஊருக்கு வந்து திரும்பும் திங்கட்கிழமை லாஞ்சுகளில் வாசிப்பேன். என் முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

செல்வியக்கா மட்டும் நினைக்கவில்லை. "அதென்ன தம்பி, பாடப் புத்தகம் படிச்சு ஆராவது தனியச் சிரிக்கிறதோ?" என்று கேட்டார். பாதிக் கதையில் பிடிபட்டேன். அன்றிலிருந்து மிச்சக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. வெட்டுக்குத்து வந்தால் நசீர் காக்கா டிக்கெட்டை மறந்து வந்து நிற்பார். முத்தம் வந்தால் எனக்கு இருமல் வரும். "தம்பிக்கு இண்டைக்கு இருமல் கூடிப்போச்சு. கதை நல்ல இடத்தில நிக்குது போல" என்பார் காக்கா.

கதையில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு கூட்டம். அதற்கென்று ஒரு தலைவன், ஒரு கொடி, தீராத ஒரு பகை. இதை எப்படி விளங்கப்படுத்துவது? "எங்கட குடி மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் வேறு வேறு ஊராக இருந்தாலும், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராவிட்டாலும், அண்ணன் தங்கச்சிதான். கலியாணம் கட்ட ஏலாது. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. முறை தவறிக் கட்டினவர்களை அந்த நாளில் கூப்பிட மாட்டார்கள்.

செல்வியக்கா வேலை செய்த தையல் கடையில்தான் சந்திரனும் இருந்தார். வெருகல் பக்கத்து ஆள். இருவரும் ஒரே குடி. ஊரில் கதை அடிபடத் தொடங்கியதும் தவராசா அண்ணன் தங்கச்சியை லாஞ்சில் தனியே விடுவதை நிறுத்திவிட்டார். கருவாட்டுப் பெட்டியோடு வந்து அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருப்பார். கதை கேட்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அன்று வாடைக்காற்று. குடாவின் நடுவில் லாஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கதையில் தலைவன் செத்து, அவனுடைய இளம் மனைவிக்காகக் கோட்டையைக் காத்து நின்ற வீரன் அவளைக் கட்டப்போகும் இடம்.

"ஆர் இவன்? எந்தக் குடி?" தவராசா அண்ணன் முதல்தடவையாக வாய் திறந்தார்.

"அதே குடிதான் அண்ணன்" என்றேன், யோசிக்காமல்.

"அவளும்?"

"ஓம்."

"அப்ப தங்கச்சி முறையெல்லோ. மூடு புத்தகத்த."

"மூடாத தம்பி" என்றார் செல்வியக்கா. "அவங்கட சனம் என்ன செய்தது? அடிச்சுக் கலைச்சதோ?"

"இல்லையக்கா. விருந்து வைச்சது."

"கேட்டீங்களே அண்ணன், விருந்து வைச்சதாம்."

"குளிக்காத சாதி. அதுகளுக்கு என்ன முறை?"

"அந்தக் குளிரில ஆர் ராசா குளிக்கிறது?" என்றார் நசீர் காக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை.

தவராசா அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். கருவாட்டுக் கை, பிடி இறுகியிருந்தது. "நீ படிச்சவன். உன்ர வாயால சொல்லு. அவள் அந்தக் குடியிலதான் பிறந்தவளோ?"

செல்வியக்கா கேட்டிராத முன்பாதியில் விடை இருந்தது. ஓம் என்றால் அது பொய். இல்லை என்றால், அக்கா இத்தனை திங்கட்கிழமைகளாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை நானே அறுத்ததாகிவிடும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அண்ணன். அவ வேற குடியில பிறந்தவ. கட்டி வந்தபிறகு புருஷன்ர குடிக்கு மாறினவ. அங்க அப்படித்தான்."

கையை விட்டார். "கேட்டியே? அவங்களும் முறை பாத்துத்தான் கட்டுறாங்கள்." அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. அக்கா குனிந்துகொண்டார். முன்பக்கத்தில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். புத்தகத்தைக் கடலில் போடலாமா என்றிருந்தது எனக்கு.

"தம்பி." அக்கா நிமிரவில்லை. "மாறினவ எண்டோ சொன்னனீ?"

"ஓம் அக்கா."

"அப்ப குடி மாறலாம்."

"அது அங்க..."

"மாறினவ செத்தே போனவ? சோறு தண்ணி இறங்காமலே கிடந்தவ? இல்லையே." இப்போது தமையனைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. "நான் என்ர குடிய விடுறன் அண்ணன். திருவிழாவில என்னைக் கூப்பிட வேண்டாம். குடி இல்லாட்டிச் சந்திரன் எனக்கு என்ன முறை? சொல்லுங்க பாப்பம்."

அந்தப் பெயர் லாஞ்சில் விழுந்தது. அண்ணன் அடிப்பார் என்று நினைத்து நான் புத்தகத்தை இறுகப் பிடித்தேன். அவர் அடிக்கவில்லை. எழும்பி முன்பக்கம் போய், அலை தெறிக்கிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்குதுறை வந்ததும் முதல் ஆளாக இறங்கினார். வழக்கமாக அக்கா இறங்கக் கை கொடுப்பவர், அன்று திரும்பிப் பார்க்கவில்லை. நசீர் காக்காதான் கை கொடுத்தார்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. மூதூர்ச் சனம் பஸ்ஸில் வருகிறது, காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டு. ஒரு மணித்தியாலம் ஒருவரை ஒருவர் விட்டு எழும்பிப் போகமுடியாமல் எதிரெதிரே இருக்கவைக்கிற வாகனம் இனி இல்லை. செல்வியக்காவும் சந்திரனும் பட்டினத்தில் தனிக்கடை போட்டிருக்கிறார்கள். போன மாதம் கடைக்குப் போனபோது, "அண்ணன் வாறவரோ அக்கா?" என்று கேட்டேன். "பஸ்ஸில போறதக் காணுறனான்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

பதிவுக் கலியாணத்துக்கான காசைச் சந்திரன் கட்டினார். அதற்கு மேல் அக்காவுக்கு ஆன செலவு, திருவிழாவில் ஒரு நாள், ஒரு தமையன். தவராசா அண்ணனுக்கு, இருந்த ஒரே தங்கச்சி.