அடுத்த ஆண்டிலேயே குடியிருந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. 'இளைப்பாற' என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இளைப்பாறுவது என்றால் என்னவென்றே அக்காவுக்குத் தெரியாது. போன இடத்திலும் யாரையாவது எழுப்பி வேலை ஏவிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார்கள். "நீ நர்சு. பதறாம எழுதுவ" என்றார்கள். பதறாத நர்சை அத்தான் எங்கே பார்த்தார்களோ! எழுதுவதும் கிழிப்பதுமாகவே நாள் போனது. 'பொறுமையின் சிகரம், அமைதியின் உருவம்' என்று இப்படிப்பட்ட மலர்களில் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும், இது வேறு யாருடைய மலரோ என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சாப்பிடுவார்கள்.

அக்கா பிறந்தது ஆனைக்குட்டத்தில். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அம்மா வீட்டிலிருந்தபடி பெட்டி ஒட்டுவார்கள். அக்கா, நான், தம்பி என்று நாங்கள் மூன்று பேர். எங்கள் மூன்று பேர் விரல்களிலும் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அக்கா பெட்டி ஒட்டிக்கொண்டே பாடம் படித்து, சபையார் உதவியில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தார்கள். எம். புதுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. எங்கள் வம்சத்தில் முதல் டீச்சர்! அப்பா தெருவில் நடக்கும் நடையே மாறிப்போனது.

அந்த வேலையைத்தான் அக்கா ஒருநாள் விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"போன வருசம் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே வார்த்தைய, இந்த வருசம் அவங்க தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கேன்ப்பா. அடுத்த வருசமும் அதேதான். எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்."

"கிறுக்கு இப்பமே புடிச்சிருச்சு" என்றார்கள் அப்பா. அதற்குப் பிறகு வெகுநாள் அக்காவோடு பேசவில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கும் வேலைக்கு அக்கா சேர்ந்தார்கள். தினசரி காலண்டர் தாளில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம். சர்ச்சுக்குப் போகிற எங்கள் அக்கா எமகண்டத்தில் பிழை கண்டுபிடிப்பார்கள். "வேதக்காரப் பிள்ள பாத்தாத்தான் ராகு காலம் சரியா இருக்கு" என்று முதலாளியே கேலி பண்ணுவார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் அக்காவைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

தாளின் அடியில் ஒரு வரி வாசகம் வரும். உற்சாகம் ஊட்டுகிற மாதிரி, ஊக்கம் கொடுக்கிற மாதிரி. அதுவரை பழைய காலண்டரிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே சொன்னதையே சொல்லக் கூடாது என்றுதானே!

"நான் புதுசா எழுதுதேன் அண்ணாச்சி."

"எழுதுங்க டீச்சர். ஆனா அபசகுனமா ஒண்ணும் வந்துறப்படாது. கடைக்காரன் காலைல கடையத் தொறந்து, தாளக் கிழிச்சதும் மொதல்ல பாக்குறது அததான், பாத்துக்கோங்க."

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை ஏஜெண்டுகளுக்குக் காட்டி ஆர்டர் பிடிப்பது சிவகாசி வழக்கம். அப்படியென்றால் பொங்கல் முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்கான வாசகங்களைத் தொடங்கினால்தான் ஆகும். ஊரே மாசியில் இருக்கும்போது அக்கா அடுத்த வருடத்து ஐப்பசியில் இருப்பார்கள். வீட்டு அடுப்படியில் தொங்குவதும் அடுத்த ஆண்டின் புரூஃப்தான். அதைப் பார்த்துத்தான் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். 'ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும்' என்று தேதியோடு எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அந்தத் தேதி அடுத்த வருடம்தான் ஞாயிறு, அந்த வருடம் சனி! தேதியைப் பார்த்தவர்கள் சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். கிழமையைப் பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரே இரண்டு கட்சியாக வந்தார்கள். இரண்டு நாளும் உலை வைத்தோம். அத்தானுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அக்காவோ, "ரெண்டு நாளும் நல்லாத்தான சாப்பிட்டாக" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள்.

தம்பி பட்டாசு ஆபீசில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தான். அக்காவைக் கேலி பண்ணுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆபீஸ் வேனில் ஏறப் போகுமுன் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்துவான்.

"எக்கா! இன்னைக்கு என்ன புத்திமதி?"

"ஏலே, சாப்டியாலே மொதல்ல?"

"புத்திமதியச் சொல்லு, வயிறு நெறஞ்சிரும்."

ஒரு தீபாவளி சீசனில், லோடு அனுப்பச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் வேலை பார்த்த அறை வெடித்தது. தம்பி போய்விட்டான். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

துக்க வீட்டில் யாரும் காலண்டர் கிழிக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோது தம்பி வீட்டுச் சுவரில் அவன் போன நாளின் தாள் அப்படியே இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார்கள். நகரவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். 'துணிந்து நட, நெருப்பும் ஒதுங்கி வழிவிடும்' என்று இருந்தது.

"நான்தான் எழுதுனேன்" என்றார்கள் அக்கா. "போன வருசம், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாயிருச்சேன்னு அவசரமா எழுதுனேன்."

அடுத்த நாளே கம்பெனிக்குப் போய், அடுத்த ஆண்டுக்கென்று அச்சாகிக் கட்டிவைத்திருந்த காலண்டரைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தார்கள். தீ, வெடி, புகை என்று ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடித்தேடி. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"அடுத்த வருசம் எந்த நாள்ல எவ வீட்ல என்ன நடக்கப் போவுதோ. அந்த நாளுக்கு நான் என்னத்த எழுதி வச்சிருக்கேனோ. எப்படிப் புள்ள எழுதுறது?"

முகம் தெரியாத ஒருத்திக்கு, என்ன நடக்கும் என்றே தெரியாத ஒரு காலைக்கு, ஒரு வருடம் முன்னாலேயே தைரியம் சொல்லி வைக்கிற வேலை அது. நல்ல நாளில் சொன்ன பேச்சு கெட்ட நாளில் போய் ஒருத்தரைக் குத்தினால் யார் பொறுப்பு?

பொங்கல் போயிற்று. பங்குனி போயிற்று. அக்கா ஒரு வரி எழுதவில்லை. ராகு காலத்தை மட்டும் திருத்தினார்கள். அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், பழசவே போட்டுக்கிடட்டுமா? இல்ல, வாசகமே இல்லாம விட்டுறலாமா?"

"விட்டுருங்க அண்ணாச்சி."

அப்போது உள்ளே தம்பி மனைவி இருந்தாள். அவளும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறவள். தம்பி போன சில மாதங்களில் திரும்பவும் வேனில் ஏறிவிட்டாள். போகாதே என்று நாங்கள் எல்லோரும் தடுத்தோம். கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு என்ன தோன்றியதோ, அண்ணாச்சி இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் வெளியே வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு மதினி, நீங்க பண்றது! எம் புருசனக் காலண்டரா கொன்னுச்சு? வெடி மருந்துல்ல கொன்னுச்சு? நான் போயி அதே மருந்து பக்கத்துல உக்காருதேன். நீங்க என்னடான்னா பேனாவத் தொடப் பயப்படுறீக."

"நான் என்னத்த எழுத? தைரியமா இருன்னு ஒனக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"தைரியத்த யாரு கேட்டா? காலைல எந்திரிச்சா கையும் காலும் ஓட மாட்டேங்குது. மொதல்ல பல்லு வெளக்கணுமா, அடுப்பப் பத்த வைக்கணுமான்னுகூடத் தெரியாம நிக்கேன். இதச் செய்யி புள்ளன்னு யாராச்சும் ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும் மதினி. ஒண்ணே ஒண்ணு."

அழுதுகொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாளே அக்கா எழுத உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றா சொன்னேன்? நடந்தார்கள். விடியற்காலையில் வேன் நிற்கிற இடத்துக்குப் போய், பெண்கள் ஏறும்போது என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவார்கள். அந்த ஆடிக்கு வந்த ஆல்பத்தில் வாசகமே மாறியிருந்தது. வெற்றி, சிகரம், லட்சியம் ஒன்றையும் காணோம். 'சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.' 'கோபம் வந்தால் முதலில் உட்காருங்கள்.' 'வெகுநாள் பேசாத ஒருவருக்கு இன்று போன் போடுங்கள்.' 'இன்று துணி துவைக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.'

"என்ன அண்ணாச்சி, காலண்டரு மாமியா மாதிரி வேல ஏவுது?" என்று ஏஜெண்டுகள் கேட்டார்கள். ஒருவர் ஆர்டரே வேண்டாம் என்று போய்விட்டார். அண்ணாச்சிக்கும் உள்ளூர உதறல்தான். ஆனாலும் அச்சடித்தார். அதற்காக அவரை நாங்கள் என்றைக்கும் மறக்க மாட்டோம். அதற்குப் பிறகு அக்கா நிம்மதியாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் அச்சுக்குப் பிளேட் போடுகிற நேரத்தில் ஓடி வந்து, "அந்த வெள்ளிக்கிழமைய மாத்துங்க, அது யாரையாச்சும் குத்திரும்" என்று உயிரை எடுப்பார்கள்.

போன வருடம் பொங்கலை ஒட்டி அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் சேர்த்தோம். நான் விடுப்புப் போட்டுக் கூடவே இருந்தேன். டாக்டர் சொன்னதை நான் மறைக்கப் பார்த்தேன். நர்சின் முகத்தை நர்சின் அக்காவுக்குப் படிக்கத் தெரியாதா? "அடுத்த வருசத்துக்கு நான் இருக்க மாட்டேன்ல?" என்றார்கள். பிறகு பேனாவைக் கேட்டார்கள். ஆடிக்குள் முடித்தாக வேண்டும் என்ற ஒரே நினைப்பு. எத்தனையோ வருடமாக அடுத்த ஆண்டிலேயே குடியிருந்தவர்களுக்கு, இந்த முறை அந்த வீட்டுக்குள் போக அனுமதி இல்லை. வெளியே நின்றுகொண்டு மற்றவர்களுக்கு எழுத வேண்டும். வலி ஊசி போட்ட கொஞ்ச நேரம்தான் தெளிவு இருக்கும். அந்த நேரத்தில் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்கள்.

"நான் போனப்புறம் காலைல எந்திரிக்க ஒனக்கு என்ன வேணும்? சொல்லு, எழுதிருவோம்."

"ஒரு மண்ணும் வேணாம். நீ இரு. அது போதும்."

"அதப் போட எடம் பத்தாதே புள்ள" என்று சிரித்தார்கள். "வேற சொல்லு."

நான் பேனாவைப் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலோடு சண்டைக்குப் போனேன். நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் திருகினேன்.

வருடம் முழுவதற்கும் எழுதி முடித்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று அண்ணாச்சி ஆல்பத்தை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அக்கா புரட்டிப் பார்த்து, ஒரு தாளில் நல்ல நேரம் தப்பு என்று காட்டினார்கள். அதுதான் கம்பெனிக்கு அக்கா பார்த்த கடைசி வேலை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்கள்.

இரவு பகல் பாராமல் கவனித்த மதுரை டாக்டர்களுக்கும், என் தொல்லையைச் சகித்துக்கொண்ட அங்குள்ள நர்சுகளுக்கும், தினமும் வந்து ஜெபித்த எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், அடக்க ஆராதனையில் தோள் கொடுத்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்ற காலண்டர் கம்பெனித் தொழிலாளர்களுக்கும், இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்த அண்ணாச்சிக்கும் நன்றி. மதுரைக்கும் சிவகாசிக்கும் அலைந்து அத்தானுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்த தம்பி மனைவிக்கு நன்றி சொன்னால் அவள் என்னை அடிப்பாள். அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு அவளும் நானும் சண்டை போட்டுக்கொண்டே வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நன்றாக இல்லையென்றால் எங்களைத் திட்டுங்கள், அண்ணாச்சியைத் திட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இன்று காலையில் எழுந்ததும் வழக்கம்போல எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, போய்த் தாளைக் கிழித்தேன் என்று எழுத ஆசைதான். மலர் அச்சுக்குப் போவது முன்கூட்டியே என்பதால், இன்றைய தாளை இரண்டு வாரம் முன்னாலேயே தூக்கிப் பார்த்துவிட்டேன். நானும் அக்காவின் தங்கைதானே! இந்த நாள் தன் ஆண்டு நினைவு நாளாக இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், இந்த வருடத் தாள்களில் சாப்பாட்டைப் பற்றி நிறையவே எழுதிவைத்தார்கள். அதில் ஒன்று இன்றைக்கு வந்து விழுந்திருக்கிறது. 'வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

ஆகவே மலரை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடாதீர்கள். பின்னால் பந்தி போட்டிருக்கிறது. உட்காருங்கள். அக்கா சொல்லியிருக்கிறார்கள்.