களிமண் வயலுக்குக் கிடைத்த பரிசு

நான் படித்த தொடக்கப்பள்ளியின் கண்காட்சிக்குச் சென்ற வாரம் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். மேசையின்மேல் ஈரக் களிமண் மணத்தது.

நான்காம் வகுப்பில் எங்கள் ஆசிரியர், தண்ணீர் கடைசி வரை பாயும்படி ஆளுக்கொரு பலகையில் களிமண்ணால் வயல் செய்யச் சொன்னார். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் எங்கள் நிலத்தில் இறங்க மறுத்திருந்த ஆண்டு அது. எங்களிடம் நீர் பாய்ச்சும் வேலை பார்த்தவரின் மகள் அஞ்சலை என் பக்கத்தில் இருந்தாள். நான் என் வயலின் கடைசிப் பகுதியை மேடாக்கிவிட்டேன். அங்கே தண்ணீர் ஏறாது என்பது அவள் செய்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. ஆசிரியர் வருவதற்குள் பலகைகளை மாற்றி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

ஆசிரியர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். என் முன்னிருந்த வயலில் அது கடைசி வரை ஓடியது. அவள் முன்னிருந்ததில் பாதியில் நின்றது.

"ஏம்மா, உங்கப்பன் இல்லாம ஊர்ல ஒரு மடை திறக்காது. உனக்கு இதுகூடத் தெரியலையா?"

"அப்பா இப்ப வயலுக்குப் போறதில்லீங்க சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பரிசுப் பென்சில் எனக்குக் கிடைத்தது.

கண்காட்சி மேடையில் தலைமையாசிரியர், "ஐயா இதே பள்ளிக்கூடத்துல வயல் செஞ்சு பரிசு வாங்கினவங்க" என்றார். அதை அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தவன் நானே. கைதட்டல் ஓயும்வரை தலைகுனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.