ஐந்தாம் நிரலை வெறுமையாக விட்டவர்

பெனடிக்ற் அண்ணையின் மகள் வத்தளையிலிருந்து காலை ஏழு மணிக்கு ரெலிபோன் எடுத்தார். "அப்பா விடியப் போயிட்டார் அங்கிள்" என்றார். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மரண வீட்டில் ஒருவர் எழுந்து, "யாரோடும் முரண்படாத அமைதியான மனிதர்" என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்தில் அவரோடு வேலை செய்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். செத்தவரை அமைதியானவர் என்று சொல்லிவிட்டால் அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை, வசதியான ஏற்பாடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தகாலத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஆங்கிலம் அவருக்கு, தமிழ் எனக்கு. சிங்களத்தை முதலாளியே பார்த்துக்கொள்வார். பெனடிக்ற் அண்ணையின் தகப்பன் மன்னாரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். மகன் பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, கலியாணம் கட்டியது எல்லாம் அச்சகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். அறைக்கு மூன்று கட்டில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கூத்து அடித்தேன். திருமண அழைப்பிதழ் ஒன்றில் மணமகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' விடுபட்டிருக்கிறது என்று நானாகவே சேர்த்துவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கத் தாய் மட்டும் வந்திருந்தார், அதை வைத்து முடிவு கட்டினேன். மனிதர் உயிரோடு, நல்ல சுகமாக இருந்தார். அச்சேற முன்னர் பெனடிக்ற் அண்ணை பிடித்திராவிட்டால் என் வேலை அன்றோடு போயிருக்கும். "எங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஓரத்தில கேள்விக்குறி போடலாம் தம்பி. மற்றவன்ர எழுத்துக்குள்ள சொல் போடக்கூடாது" என்றார். வட்டத்துக்குள் சிவப்புக் கேள்விக்குறி அவருடைய அடையாளம். அச்சுக்கோப்பவர்கள் அதைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள்.

நான் சேர்ந்து ஏழாம் வருடம்தான் அந்தப் படிவம் வந்தது. வீடுகளிலும் லொட்ஜுகளிலும் இருப்பவர்களைப் பதிவு செய்யும் படிவம், மூன்று மொழியிலும். எழுதுபொருள் கடைகளுக்கு விற்க முதலாளி ஆயிரக்கணக்கில் அடிக்க எடுத்திருந்தார். வழக்கம்போல நான் உரக்க வாசிக்க பெனடிக்ற் அண்ணை பேனையோடு பின்தொடர்ந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தொழில். ஐந்தாம் நிரலில் 'கொழும்பில் தங்கியிருப்பதற்கான ரீசன்' என்று ஆங்கிலத்தில் வந்ததும் பேனை நின்றுவிட்டது.

அவர் எழுந்து அகராதியை எடுத்தார். முதுகு கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டிய தடித்த அகராதி. இலத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்கு எண்ணுவது, கணிப்பது என்று பொருள் என்றார். தமிழில் 'எண்ணுதல்' இலக்கத்துக்கும் நினைப்புக்கும் பொதுவாக இருப்பதுபோல, அங்கேயும் எண்ணுவதிலிருந்துதான் சிந்திப்பது பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது மனிதனுடைய பகுத்தறிவுக்கும் அதுவே பெயராயிற்று, ஒரு செயலுக்குச் சொல்லும் காரணத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஒருவரோடு பொறுமையாகப் பேசி விளங்கப்படுத்துவதற்கும் அதே சொல்லை வினையாகப் பாவிப்பார்கள். "ரேஷனும் ரீசனும் ஒரு வயித்துப் பிள்ளையள் தம்பி. ஒண்டை எங்களுக்கு அளந்து குடுப்பினம். மற்றதை எங்களிட்ட அளந்து கேப்பினம்" என்றார். பத்திரிகைகளில் 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று வருவதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. ஒரு காரணம்கூட இல்லாதவர்கள்தான் எப்போதும் பன்மையில் சொல்வார்கள் என்பார்.

ஐந்தாம் நிரலுக்கு எதிரே வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி போட்டார். முதலாளி வந்து எங்கே எழுத்துப்பிழை என்று கேட்டார். "எழுத்துப்பிழை இல்லை. கேள்விதான் பிழை" என்றார் அண்ணை. ஒரு மனிதன் தன் நாட்டின் தலைநகரில் இருப்பதற்கு ஏன் காரணம் சொல்ல வேண்டும், காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்தவர்களிடம் இதைக் கேட்கிறார்களா என்று கேட்டார். முதலாளிக்கு முகம் கறுத்தது. உனக்குச் சம்பளம் எழுத்தைப் பார்க்கத்தான் என்று சொல்லி, அந்தத் தாளைக் குப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டு, வேறு தாளை இழுத்துத் தானே கையொப்பம் வைத்தார். படிவம் அப்படியே அச்சேறியது.

நான் என்ன செய்தேன்? தமிழ்ப் பக்கத்தில் 'காரனம்' என்று இருந்ததைக் 'காரணம்' என்று திருத்தினேன். திருத்திய பெருமையில் தேநீர் குடிக்கப் போனேன். இதை எழுதும்போது இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் லொட்ஜ் மனேஜர் அதே படிவத்தை எங்களுக்கு நீட்டினார். அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர். ஐந்தாம் நிரலில் நான் 'வேலை' என்று எழுதினேன். பிறகு ஒரு நாள் விடிகாலையில் பொலிஸ் வந்தது. காரணம் போதாதவர்கள் எல்லோரும் உடுப்பை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் இறங்கச் சொன்னார்கள். கண் ஒப்பரேஷனுக்கு வந்திருந்த ஆசிரியர், விசாவுக்குக் காத்திருந்த பெண், அவளுடைய தாய் எல்லோரும் இறங்கினோம். வேலை செய்வதற்கு முதலாளியின் கடிதம் என்னிடம் இருக்கவில்லை. பொலிஸ் நிலைய முற்றத்தில் எங்களை வடக்கே அனுப்ப ஒரு பஸ் நின்றது. பதினொரு மணிக்குப் புறப்படும் என்றார்கள்.

லொட்ஜ் மனேஜர் அச்சகத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். முதலாளி கடிதம் கொடுக்கப் பயந்திருக்கிறார். பெனடிக்ற் அண்ணை இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார், கையில் கடிதம் இல்லை. கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தண்ணீர்பட்ட பாடான சிங்களத்தில், இவர் என்னோடு ஏழு வருடமாக வேலை செய்கிறவர், நான் பொறுப்பு என்று சொன்னார். மேசையில் இருந்தவர், பொறுப்பு நிற்பவரும் பதிய வேண்டும் என்று ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். எங்கள் படிவம்தான்.

அண்ணை முதல் நான்கு நிரலையும் அச்சுப்போன்ற கையெழுத்தில் நிரப்பினார். ஐந்தாவதை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். அந்த அதிகாரி 'ஹேதுவ', 'ஹேதுவ' என்று காரணத்துக்கான சிங்களச் சொல்லைச் சொல்லி விரலால் தட்டிக் காட்டினார். தான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், தனக்கு இந்த நிரல் பொருந்தாது என்றார் அண்ணை. அப்படியென்றால் இரண்டு பேரும் மர வாங்கில் உட்காருங்கள் என்றார் அதிகாரி. படிவம் எங்களிடமே திரும்பி வந்தது.

நேரம் பத்தரை. முற்றத்தில் பஸ்ஸை இயக்கிவிட்டிருந்தார்கள். "எழுதுங்கோ அண்ணை, ஒரு சொல்லுத்தானே" என்று கெஞ்சினேன்.

"அந்தச் சொல் இல்லாமல் உம்மைக் கூட்டிக்கொண்டு போகத்தான் பாக்கிறன். கொஞ்சம் பொறும்" என்றார். எதிர்க்கடையிலிருந்து முதலாளிக்கு இன்னொரு முறை ரெலிபோன் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லி, அனுமதி கேட்டு வெளியே போனார். பேனையையும் படிவத்தையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என்னை நம்பி வைத்துவிட்டுப் போனார்.

நான் அவருடைய பேனையை எடுத்தேன். அவருடைய ஐந்தாம் நிரலில், அவருடைய எழுத்துப்போலவே, 'பிறப்பிடம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேசையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி வாசித்துச் சிரித்தார். சரி, இப்போது ஒரு ஹேதுவ இருக்கிறது என்று முத்திரையைக் குத்தினார்.

அண்ணை திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படிவத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் ஒப்பரேஷனுக்கு வந்த ஆசிரியர் பஸ் யன்னலோரம் இருந்ததை இரண்டு பேரும் கண்டோம். எங்களால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. காலி வீதியில் பஸ் ஏறினோம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நான் இஞ்ச பிறந்தது சொல்லித் தப்புற ஒரு சாட்டோ தம்பி? அதை நீர் சாட்டாக்கிப்போட்டீர்" என்றார்.

அடுத்த நாள் காலையில் எதுவும் நடக்காததுபோல என்னோடு இருந்து மெய்ப்புப் பார்த்தார். முதலாளி ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்திருந்தார், நாள் பிந்திய பெருந்தன்மை. பல வருடம் கழித்து, வத்தளை வீட்டில், நான் துணிந்து மன்னிப்புக் கேட்டேன். "உம்மட பயம் எனக்கு அண்டைக்கே விளங்கினது. அந்தப் படிவம்தான் இண்டைக்கும் விளங்கேல்லை" என்றார்.

எனக்கும் விளங்கவில்லை. அந்தக் காலத்தில் அதெல்லாம் தேவைதானே என்று இன்று சொல்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன், எங்கள் ஆட்களிலும் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் ஒருநாளாவது தாங்கள் மூச்சு விடுவதற்குக் காரணம் எழுதிக் கையொப்பம் வைத்திருந்தால் இப்படிப் பேச மாட்டார்கள். பெனடிக்ற் அண்ணை அமைதியானவர் அல்ல. அவர் வாழ்நாள் முழுக்க ஒரு கேள்வியோடு கோபமாக இருந்தவர். அந்தக் கோபத்தை அவரோடு சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள்.

முதலாளி தூக்கி எறிந்த அந்த மெய்ப்புத் தாளை நான் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அன்று தெரியாது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது, ஐந்தாம் நிரலுக்கு எதிரே சிவப்பு வட்டமும் கேள்விக்குறியும் மங்காமல். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அதுதான்.

நேற்று மகள் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கான அட்டையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். 'கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வத்தளையை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கியிருந்தது. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, அப்பாவைப் பற்றி நீங்களே ஒன்று எழுதுங்கள் அங்கிள் என்று கேட்டிருந்தார். இரண்டு முறை வாசித்தேன். பிறப்பிடம் என்ற சொல் அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நான் ஒரு சொல்லும் சேர்க்காமல் திருப்பி அனுப்பினேன்.