குலேந்திரன் மாமா வாசித்த மரண அறிவித்தல்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மாமாவின் மனைவி வசந்தா மாமி கேட்டபோது, "எல்லாத்தையும் எழுதலாமா மாமி?" என்று கேட்டேன். "எழுது புள்ள. மறைச்சு என்னத்தக் கண்ட நாம?" என்றார்.

மாமா இறந்த செய்தி எனக்கு ரியூசன் வகுப்பில் வந்தது. பிரதான வீதியால் ஓர் ஓட்டோ ஒலிபெருக்கியோடு போனது. பதிவுசெய்த குரல், யாரோ வெளியூர் ஆளுடையது. "சவுண்ட் குலேந்திரன் என அழைக்கப்படும்" என்ற துண்டு மட்டும் ஜன்னலால் வந்தது; மிச்சம் கடற்காற்றோடு போய்விட்டது. வழக்கமாக அறிவித்தல் ஓட்டோவை ஓட்டும் என் அப்பா ஆஸ்பத்திரியில் மாமிக்குத் துணையாக நின்றதால் வேறு ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். நான் பேனையை மூடி வைத்தேன். மாமா இருந்திருந்தால் அந்த ஓட்டோக்காரனை மறித்துப் பேசியிருப்பார். "ஓடுற ஓட்டோவில பேரச் சொல்லப்படாது. சந்தியில நிப்பாட்டிச் சொல்லணும். செத்த ஆளுக்கு நாம செய்யிற மரியாத அதுதான்" என்பது அவருடைய சட்டம்.

பெரியகல்லாற்றில் அவருடைய ஒலிபெருக்கிக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அவர்தான் அறிவிப்பாளர். ஆனால் நம் காதில் நிற்பது அவருடைய மரண அறிவித்தல்கள். பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். அடுக்களையில் நிற்பவர்கள்கூட அகப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். என் அப்பா ஓட்டோ ஓட்டுவார். என் கையெழுத்துத் தெளிவானது என்று மாமா அறிவித்தல்களை என்னைக் கொண்டுதான் எழுதுவிப்பார். பாடசாலை இல்லாத நாட்களில் நானும் ஓட்டோவில் ஏறிவிடுவேன்.

மாமாவிடம் வந்த மாற்றத்தை நான் முதலில் கவனித்தது அவருடைய சிரிப்பில்தான். மாமியின் அண்ணன் பரமலிங்கம், நாங்கள் பரமன் மாமா என்போம், வாவியில் மீன் பிடிப்பவர். தோணியைக் கட்டிவிட்டு நேரே கடைக்கு வருவார். இருவரும் ஒருவரையொருவர் சீண்டாமல் தேநீர் இறங்காது. ஒரு நாள் பரமன் மாமா, "ஊரெல்லாம் மைக்கில கத்துறாய் மச்சான். வீட்டில எண்ட தங்கச்சிக்கு முன்னால மட்டும் உன்ர வயர் கழண்டிருதே, அது எப்படி?" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பழைய மாமாவாக இருந்தால், "உன்ர தோணியில மீன் வழி தெரியாம வந்து ஏறினாத்தான் உண்டு, நீ கதைக்காத" என்று உடனே கொடுத்திருப்பார். அன்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு அது அடிக்கடி நடந்தது. நீளமாக ஏதாவது சொன்னால் "ஓம், ஓம்" என்பார், சொன்னதைச் செய்யமாட்டார். காது கேட்கவில்லை என்று நினைத்துப் பலர் கத்திக் கதைத்தார்கள். "ஏன் கத்துறாய்? நான் செவிடனா?" என்று கோபப்படுவார். அது நியாயமான கோபம். அவருக்குக் கேட்டது. மட்டக்களப்பில் டொக்டர் பார்த்துவிட்டு, இது அல்சைமர் நோயின் ஆரம்பம் என்றாராம். நீங்கள் சொல்லும் வசனம் முடிவதற்குள் அதன் முன்பாதி அவரிடமிருந்து போய்விடுகிறது, சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள் என்றாராம். சத்தமாக வாசிப்பது மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் பழுதில்லாமல் இருக்கலாம் என்றும் சொன்னாராம். மாமி இதை எங்கள் வீட்டுக்கு மட்டும் சொன்னார். மைக்கையும் எடுத்துவிட்டால் மனுசன் உடைந்துபோவார் என்று பயந்தார்.

பரமன் மாமா நெஞ்சு வலி வந்து ஒரு சனிக்கிழமை விடியப்புறம் இறந்தார். மாமி அழுதழுது கணவரிடம் சொல்லிவிட்டுச் செத்த வீட்டுக்கு ஓடினார். மாமா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, ஓட்டோவில் ஏறினார். அவருக்குத் தெரியும் என்றே எல்லாரும் நினைத்தோம். நான் எழுதிக் கொடுத்ததைச் சந்தி சந்தியாக நிறுத்தி வாசித்தார். பெயருக்கு முன்னால் அதே மூச்சு. "குலேந்திரன் அவர்களின் அன்பு மைத்துனரும்" என்று தன் பெயரையும் குரல் தளராமல் வாசித்தார். வேலியோரத்தில் நின்ற ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருங்கா, சொந்த மச்சான்ர சாவு. என்ன நெஞ்சுரம் இந்த மனிசனுக்கு!" என்றது எனக்குக் கேட்டது. உங்களில் பலர் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புகழ்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாகப் பாலத்தடியில் வாசித்து முடித்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார். "பரமன இன்னும் காணல்ல. மீன் கொண்டாறன் எண்டவன். கடைக்கு விடு, பாத்துட்டு நிப்பான்" என்றார்.

அப்பா ஓட்டோவை ஓரமாக்கினார். "அண்ண, நீங்க இப்ப வாசிச்சீங்களே, அது ஆரப் பத்தினதெண்டா, விடியக்காலம நம்மட..." என்று தொடங்கினார். "ஓம், ஓம்" என்றார் மாமா. அந்த ஓம் எனக்குத் தெரியும். பின்னேரம் நான்கு மணிக்கு எடுக்கப்போகிறார்கள். அதற்குள் அவருக்கு விளங்காவிட்டால், உயிருக்குயிரான மச்சானுக்கு ஒரு பிடி அரிசிகூட அறிந்து போடமாட்டார்.

நான் அவருடைய முகத்துக்கு நேரே திரும்பினேன். "மாமா. பரமன் மாமா செத்துட்டார்."

"எங்கட பரமனா?"

"ஓம்."

"எப்ப?"

"விடிய."

மடியில் கிடந்த மைக்கைப் பார்த்தார். "அதயா நான் சந்தி சந்தியாச் சொல்லிட்டு வந்த?"

"ஓம் மாமா."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையைச் செத்த வீட்டில் எல்லாரும் கண்டீர்கள். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தார் என்றீர்கள்.

அடுத்த நாள் காலையில் பரமன் எங்கே என்று மறுபடி கேட்டாராம். மாமி என்னிடம் வந்து, "ஒவ்வொரு நாளும் அவர அழ வைக்கிறதா புள்ள? இல்லாட்டிப் பொய் சொல்லுறதா?" என்றார். எது சரியென்று தேடித் தேடி வாசித்தேன். சில நாள் மாமி உண்மையைச் சொன்னார், சில நாள் தோணி இன்னும் கரைக்கு வரவில்லை என்றார்.

ஆனால் மாமாவிடம் ஏதோ ஒன்று தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த அறிவித்தலுக்கும் மைக்கைத் தொடுமுன், "ஆர் செத்த?" என்று என்னிடம் கேட்பார். நான் இரண்டு வார்த்தையில் சொல்வேன். முகம் மாறும் வரைக்கும் காத்திருப்பார். பிறகுதான் ஓட்டோ நகரும்.

அவருடைய குரல் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்திருப்பது கடையில் அவர் கடைசியாக மைக்கைத் தொட்ட பின்னேரம்.

அன்று பக்கத்துத் தெருத் தில்லை மாமி இறந்திருந்தார். "தில்லை மாமி செத்துட்டா" என்றேன். மாமா என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். முகம் மாறவில்லை. தாளை வாங்கி மெதுவாக வாசித்துப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. பெயருக்கு முன்னால் அந்த மூச்சும் இருந்தது. முடித்துவிட்டு, "வாசிக்க ஏலுது. விளங்கல்ல" என்றார்.

"பறவாயில்ல அண்ண, வாசிங்க. சனத்துக்கு விளங்குந்தானே" என்றார் அப்பா.

"இல்ல. விளங்காம நான் சொல்லமாட்டன்." மைக்கை அப்பாவின் கையில் வைத்தார். "பாவம் அந்த மனிசி."

பிறகு எழும்பிப் போய், நாங்கள் இன்னும் உள்ளே நிற்கும்போதே, கடை லைற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.